உமரிக் களிம்பு

அந்த வருடம் சித்திரை பிறப்பதற்கு முன்பே தூத்துக்குடி உப்பளங்களில் காலை பத்து மணிக்கு நாற்பத்தாறு டிகிரி வெயில். இதில் மனுஷன் எப்படி வேலை செய்வான் என்று கேட்காதீர்கள், செய்தான். செய்யவைக்க இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று வில்லை, மற்றது களிம்பு. இரண்டும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரே வராந்தாவில், எதிரெதிர் அறையில் இருந்த இரண்டு பேர் கண்டுபிடித்தவை. நல்ல எண்ணத்தோடுதான் கண்டுபிடித்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வில்லை முன்கையில் ஒட்டிக்கொள்வது, ஸ்டிக்கர் பொட்டைவிடக் கொஞ்சம் பெரிது. வெயிலைத் தோல் தாங்குகிறவரை பச்சையாக இருக்கும், தாங்காத கட்டம் வந்தால் சிவந்துவிடும். எட்டுப் பேர் கொண்ட குழுவில் யாராவது ஒருவருக்குச் சிவந்தாலும் எட்டுப் பேரும் நாற்பது நிமிஷம் நிழலில் உட்கார வேண்டும் என்றது வெயில் சட்டம். ஒரே பாத்தி, ஒரே வெயில். ஒருத்தருக்கு முடியவில்லையென்றால் மற்றவர்களுக்கும் முடியாது என்று சட்டம் எழுதின யாரோ ஒரு புண்ணியவான் நினைத்திருக்கிறான். வில்லையைச் செய்தவர் கோமதிநாயகம்.

களிம்பைச் செய்தவள் எமல்டா. உப்பள வரப்புகளில் யாரும் நடாமலே முளைத்துக் கிடக்கும் உமரிச் செடி, உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு உச்சி வெயிலையும் வாங்கிக்கொண்டு கருகாமல் எப்படி இருக்கிறது என்ற ஒரே கேள்வியோடு பதினோரு வருஷத்தைக் கழித்தவள். அந்தச் செடியின் சாற்றைத் தோல் செல்கள்மேல் விட்டு விளக்கு வெயிலில் வைத்தால், சாக வேண்டிய செல்கள் சாகாமல் கிடந்தன. அதைக் களிம்பாக்கி உப்பளத்து ஜனங்களுக்குக் கொடுத்தபோது, தலைமுறை தலைமுறையாக வெடித்து ரத்தம் கசிந்த கைகால்கள் ஆறே வாரத்தில் ஆறின. கல்யாணத்துக்குக் கை நீட்டி வளையல் போட வெட்கப்பட்ட பெண்கள் அவளைத் தேடி வந்து கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட சந்தோஷத்தை எமல்டா அதற்கு முன்னாலும் அறிந்ததில்லை, பின்னாலும் அறியவில்லை.

மாதம் ஒரு தடவை அவள் உப்பளத்துக்குப் போவாள். சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்படிப் போனபோதுதான் சண்முகக்கனியின் கையைப் பார்த்தாள்.

சண்முகக்கனிக்கு நாற்பத்தொரு வயது. களிம்பை முதன்முதலில் பூசிப் பார்க்க ஒப்புக்கொண்ட பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்தி. அவளும் அவள் புருஷன் லிங்கதுரையும் ஒரே குழுவில் வேலை. அவன் பாத்தியில் உப்பு வாருவான், அவள் கூடையில் சுமந்து உப்புக் குவியலான அம்பாரத்தில் தட்டுவாள். அன்றைக்கு அவள் இரண்டு முன்கையும் தோல் உரிந்து, பச்சைப் புண்ணாகச் சிவந்து கிடந்தன. எமல்டாவுக்கு ஆற்றாமையாக வந்தது.

"என்ன கனி இது? களிம்பு பூசலையா நீ?"

சண்முகக்கனி சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடினாள். "பூசுதேன் மேடம். இன்னைக்கி அவசரத்துல மறந்துட்டு."

"இது ஒருநாள் மறந்த கையா? எனக்கே கதை விடறியா?"

பக்கத்தில் நின்ற கங்காணி தவசிமுத்து சந்தர்ப்பத்தை விடவில்லை. "நல்லா கேளுங்க மேடம். கம்பெனி ஓசியில குடுக்கு. இவளுவளுக்குப் பூசதுக்கு வலிக்கி. நாளைக்கி வில்லை செவந்தா எட்டுப் பேரும் போயி உக்காந்துக்கிடலாம்லா?"

லிங்கதுரை பாத்திக்குள் நின்றபடி இவர்களைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, கங்காணியைப் பார்த்துவிட்டு, மறுபடி வாரத் தொடங்கினான். எமல்டாவுக்கு அதெல்லாம் அப்போது கண்ணில் பட்டதே ஒழிய மனசில் படவில்லை. அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். "கையை நீட்டு" என்றாள்.

"ஐயோ, வேண்டாம் மேடம். நானே பூசிக்கிடுதேன். கையெல்லாம் உப்பும் சகதியும்."

"நீட்டுன்னு சொன்னேன்."

தண்ணீர் ஊற்றிக் கழுவி, தன் துண்டால் ஒற்றி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தன் கையாலேயே பூசிவிட்டாள். வில்லையை எடுத்துவிட்டு அதன் அடியிலும் பூசி மறுபடி ஒட்டினாள். சண்முகக்கனி கண்கலங்கி நின்றாள். வலி போலிருக்கிறது என்று எமல்டா நினைத்துக்கொண்டாள். "இனிமே இப்படிப் பார்த்தேன்னா அடிதான்" என்று செல்லமாக அதட்டிவிட்டு, மனசு நிறைந்து ஜீப்பில் ஏறினாள்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு லிங்கதுரை பாத்தியில் குப்புற விழுந்தான். தூக்கியபோது உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை கோமதிநாயகம் அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். எப்போதும் இரண்டு கிளாஸ் டீயோடு வருகிற மனிதர், அன்று ஒற்றைத் தாளோடு வந்தார்.

"எமல்டா, நேத்து அந்தக் குழுவோட வில்லைங்க அனுப்பின கணக்கு. பாருங்க."

காலை ஏழிலிருந்து பிற்பகல் மூன்று வரை எட்டுக் கோடுகள். எட்டும் பச்சை. லிங்கதுரையின் கோடும் பச்சை. அவன் விழுந்த பிறகும், ஆம்புலன்ஸில் போகும்போதும்கூட பச்சை.

"வில்லை ரிப்பேரா?" என்றாள் எமல்டா.

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ராத்திரியெல்லாம் அதுதான் பார்த்தேன். வில்லை சரியா இருக்கு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. வில்லை எதைப் பாக்குது?"

"தோல் செல் படற பாட்டை. வெயில் ஏற ஏற செல்லுக்குள்ள ஒரு நச்சுப் பொருள் கூடும். இரும்புக்குத் துரு பிடிக்கிற மாதிரி, செல்லை அரிக்கும். அது எவ்வளவு இருக்குன்னு வில்லை பாக்குது."

"களிம்பு என்ன செய்யுது?"

"அந்தத் துருவை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லுங்க."

"அந்தத் துருவைப் பிடிக்கவிடாம தடுக்குது."

"தோலுக்குத் தடுக்குது. உள்ள இருக்கிற இருதயத்துக்கு? கிட்னிக்கு? மூளைக்கு? மேல பூசின களிம்பு அங்க எங்க போச்சு? தோல் சொகமா இருந்திருக்கு, எமல்டா. ஆள் உள்ளுக்குள்ள வெந்திருக்கான். தோல் வாயைத் திறந்து சொல்லும்னு நான் நம்பினேன். நீங்க அது வாயை அடைச்சிட்டீங்க. நான் அதைப் பார்த்துக்கிட்டு எதிர் அறையில உக்காந்திருந்தேன்."

எமல்டா தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "நம்ம சோதனையில இது தெரியலையே. மூணு வருஷம் பண்ணோமே."

"களிம்பு வேலை செய்யுதுன்னு எதை வச்சுச் சொன்னோம்?"

வில்லை சிவக்கவில்லை என்பதை வைத்துத்தான் சொன்னார்கள். களிம்பு பூசாதவர்களுக்கு பத்து மணிக்கே சிவக்கிறது, பூசினவர்களுக்கு மூன்று மணிவரை பச்சை. ஆகவே களிம்பு காப்பாற்றுகிறது என்று கட்டுரை எழுதி, கைதட்டு வாங்கினார்கள். எதிர் அறையில் இருந்த சாமான்தானே, நம்ம நாயகம் செய்ததுதானே என்று வேறு ஒரு கருவியை அவள் தேடவே இல்லை. ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதினோரு வருஷம் படித்தவளுக்கு அது தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு.

"ஆனா ஒண்ணு எனக்கு விளங்கலை" என்றார் கோமதிநாயகம். "களிம்பு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. முதல் மூணு மாசம் இந்தக் குழுவுல சிவப்பே இல்லை. அதுக்கப்புறம் தினமும் ரெண்டு தடவை, மூணு தடவை சிவந்திருக்கு. நேத்து மட்டும்தான் இல்லை. களிம்பு பூசியும் எப்படிச் சிவந்தது? நேத்து மட்டும் ஏன் சிவக்கலை?"

அது எமல்டாவுக்கும் விளங்கவில்லை. விளங்கினபோது, விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பத்தாம் நாள் அவள் சண்முகக்கனியின் வீட்டுக்குப் போனாள். உப்பளத்துக் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. நர்சிங் படிக்கிற மகள் பேச்சுக்கனி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். எமல்டா ஸ்டூலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததைச் சொன்னாள்: களிம்பு வில்லையை ஏமாற்றிவிட்டது, தப்பு தன்னுடையது, அதைத் தான் பார்க்கத் தவறிவிட்டாள் என்று.

சண்முகக்கனி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்படவில்லை.

"அது எங்களுக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"களிம்பு பூசினா வில்லை செவக்காதுன்னு. மொத மூணு மாசத்துலயே தெரிஞ்சிட்டு. தல சுத்துது, வாந்தி வருது, ஒண்ணுக்குப் போனா எரியுது. கங்காணிகிட்ட சொன்னா, வில்லை பச்சையாத்தான இருக்கு, நடிக்காதட்டிம்பாரு. அன்னம்மாக்கா ரெண்டு தடவ மயங்கி விழுந்தாவ, ரெண்டு தடவையும் பச்சை. அதுக்கப்புறந்தான் நாங்க முறை வச்சோம்."

"என்ன முறை?"

"எட்டுப் பேருல நாளைக்கி ஒரு ஆளு களிம்பு பூசாம வாரது. கங்காணி முன்னால பூசிக்கிட்டு, அந்தப் பக்கம் போயி தொடச்சிருவோம். அந்த ஒரு ஆளுக்கு பத்து மணிக்கெல்லாம் செவந்துரும். எட்டுப் பேரும் நெழல்ல போயி உக்காருவோம். பொறவு பன்னெண்டரைக்கி ஒருக்கா, ரெண்டு மணிக்கி ஒருக்கா. ஒரு ஆளு வேகணும், ஏழு ஆளு பொழைக்கணும். அடுத்த நாளு அடுத்த ஆளு. அன்னம்மாக்காவுக்கு வயசாயிட்டுல்லா, அவுக முறையையும் நானே எடுத்துக்கிட்டேன். அதான் என் கையி அப்பிடிக் கெடந்துது."

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். கேட்டாள்.

"அன்னைக்கு யார் முறை, கனி?"

சண்முகக்கனி சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "என் முறைதான் மேடம்."

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பேச்சுக்கனி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எமல்டாவுக்குத் தெரிந்தது.

"ஏன் நீ என்கிட்ட சொல்லலை?"

"கங்காணி நின்னாருல்லா. சொன்னா எட்டுப் பேரு வேலையும் போயிருக்கும்."

"நான் போனப்புறம் கழுவியிருக்கலாமே! துடைச்சிருக்கலாமே!" என்றாள் எமல்டா. யாரைக் குற்றம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"தொடச்சிருக்கலாம்" என்றாள் சண்முகக்கனி. "அதத்தான் மேடம் பத்து நாளா நெனச்சிக்கிட்டே கெடக்கேன். தொட்டித் தண்ணி பக்கத்துலதான் இருந்துது. எங்க வீட்டு அவியகூட கண்ணால காட்டுனாவ, போயி கழுவிட்டு வான்னு. மனசு வரல. எங்களையெல்லாம் யாரு மேடம் தொட்டு மருந்து போட்டிருக்கா? ஆஸ்பத்திரியில நர்சம்மா பஞ்சத் தூக்கிப் போட்டு நீயே தொடச்சிக்கோம்பாவ. நீங்க ஒங்க துண்டால தொடச்சி, ஒங்க கையால பூசிவிட்டீங்க. இன்னைக்கி ஒரு நாளு இருக்கட்டும், ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுதுன்னு விட்டுட்டேன்."

அவள் அழவில்லை. எமல்டாதான் அழுதாள். எத்தனையோ பேர் வலிந்து செய்த தப்பை அவர்கள் மறந்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். இவள் பாசத்தோடு செய்த ஒரு காரியம் ஒருத்தியின் தாலியை அறுத்திருந்தது. இதை எங்கே போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்வது?

வெயில் சட்டத்தைக் கவனிக்கும் வெயில் ஆணையம் விசாரணை வைத்தது. எமல்டா எதையும் மறைக்கவில்லை. தன் கட்டுரையைத் தானே கிழித்துப் போட்டாள். களிம்பை நிறுத்த வேண்டும் என்றாள்.

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "நிறுத்தினா கைகால் பழையபடி வெடிக்கும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? தோல் புற்றுக்கான அறிகுறி பாதியாக் குறைஞ்சிருக்குன்னும் எழுதியிருக்கீங்க. அது பொய்யா?"

"பொய் இல்லை. ஆனா உடம்புச் சூட்டை உள்ள இருந்து பாக்கிற கருவி வேணும். முழுங்கிற மாத்திரை மாதிரி. அது இல்லாம களிம்பு கொடுக்கக் கூடாது."

"அந்த மாத்திரை எப்போ வரும்?"

"மூணு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் உப்பு வார வேண்டாமா, டாக்டர்?"

எமல்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னாள். பேர் சொல்லாமல், எந்த உப்பளம் என்று சொல்லாமல் சொன்னாள். சட்டம் போட்டவர்களுக்கும், விஞ்ஞானம் படித்தவர்களுக்கும் தெரியாததை அந்த ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்து, நாளுக்கு ஒருத்தராக வெந்து மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். அந்த நிலைமைக்கு அவர்களை விட்டதற்கு நாம் எல்லாரும் வெட்கப்பட வேண்டும் என்றாள். அதிகாரி வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "ஒரு ஆள் மட்டும் பூசாம இருந்தா போதும்ங்கிறீங்க. அந்த ஒரு ஆளோட வில்லை சரியா வேலை செய்யுதா?"

"நான் அதைச் சொல்லலை..."

"வேலை செய்யுதா இல்லையா, டாக்டர்?"

"செய்யுது" என்றாள் எமல்டா. பொய் சொல்லப் பழகாத வாய் அவளுக்கு. அவர் குறித்துக்கொண்டார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு சண்முகக்கனி ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தாள். தலை சீவி, பார்டர் வைத்த சேலை கட்டி, கையில் ஒரு ஸ்வீட் டப்பாவும் பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதமும் வைத்திருந்தாள். கைப்புண் எல்லாம் ஆறியிருந்தது. நான்கு மாதத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தாள். எமல்டாவுக்கு அவளைப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது.

"எடுத்துக்கிடுங்க மேடம். எனக்கு வேலை கெடச்சிருக்கு. பெர்மனென்ட். கருணை அடிப்படையில குடுத்திருக்காவ. எங்க வீட்டு அவிய வேலை பாத்த எடத்துலயே."

"ரொம்ப சந்தோஷம், கனி. என்ன வேலை? ஆபீஸ்லயா?"

சண்முகக்கனி காகிதத்தை நீட்டினாள்.

ஆணையம் புது விதி போட்டிருந்தது. உப்பளத்தில் எட்டுப் பேருக்கு ஒருவர் களிம்பு பூசாமல் இருக்க வேண்டும். அவர் வில்லையைப் பார்த்தே குழு முழுவதும் ஓய்வெடுக்க வேண்டும். அந்தப் பதவிக்கு வெயில் காவலர் என்று பெயர். முறை வைத்து மாற்றினால் பதிவேட்டில் குழப்பம் வருமென்று அதை நிரந்தரப் பணியாக்கியிருந்தார்கள். பணியிலிருந்தபோது இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு முன்னுரிமை. எல்லாவற்றுக்கும் கீழே, தேர்வானவரின் கையில் வில்லை விதிக்கப்பட்ட நேரத்துக்குள் சிவக்கிறது என்று தகுதிச் சான்று தர வேண்டிய நிபுணராக எமல்டாவின் பெயர் அச்சாகியிருந்தது.

எமல்டா இரண்டு தடவை படித்தாள். எட்டு நாளைக்கு இரண்டு நாள் வெந்தவள் இனி எட்டு நாளும் வேக வேண்டும். வருஷம் பூராவும்.

"கனி, இது வேண்டாம்" என்றாள். "பத்து வருஷம் தாங்காது உன் தோல். அந்த வெயில் என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். கட்டி வரும், புற்று வரும்."

"பத்து வருசம் ஆவும்லா?" என்றாள் சண்முகக்கனி. "பேச்சுக்கனி படிப்பு முடிய ரெண்டு வருசந்தான் மேடம் இருக்கு. இந்த வேலைன்னா கூடை சொமக்க வேண்டாம். நிக்கணும், அவ்வளவுதான். யாரும் மறைஞ்சி தொடைக்க வேண்டாம், கங்காணிக்குப் பயப்பட வேண்டாம். ஏழு பேரும் நெழலுக்குப் போவாவ. ஒருத்தரும் அவிய மாதிரிப் போவ மாட்டாவ."

எமல்டா எழுந்து வெயில் விளக்கைச் சரிசெய்தாள். சண்முகக்கனியின் முன்கையில் புது வில்லையை ஒட்டி விளக்கடியில் வைத்தாள். மூன்று நிமிஷத்துக்குள் சிவக்க வேண்டும். அலமாரியில் களிம்பு டப்பா இருந்தது. சோதனைக்கு முன்னால் கையைத் துடைக்கிறேன் என்று சொல்லி, வில்லையை எடுத்து, அடியில் பஞ்சில் ஒரு துளி தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினால் போதும். வில்லை பச்சையாகவே நிற்கும், தகுதியில்லை என்று எழுதிவிடலாம். வேறு ஏதாவது வேலை தேடித் தரலாம். யாருக்கும் தெரியாது. எமல்டா அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"மேடம்."

சண்முகக்கனி அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கெஞ்சல்தான் இருந்தது.

"இந்த ஒரு தடவ எனக்கு நல்லது செய்யணும்னு நெனைக்காதீங்க மேடம்."

எமல்டா அலமாரியைத் திறக்கவில்லை. திரும்பி வந்து விளக்கைப் போட்டாள். இருவரும் வில்லையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் பத்து நொடியில் அதன் ஓரம் மங்கி, பிறகு முழுவதும் சிவந்தது.

"செவந்துட்டு மேடம்!" சண்முகக்கனியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாஸா?"

"பாஸ்" என்று சொல்லி எமல்டா கையெழுத்துப் போட்டாள்.